மனையறமும் குங்குலியப் பணியும்

திருச்சிற்றம்பலம்



இன்று ஆவணித் திங்கள் மூல நாள். அறுபத்து மூவருள் ஒருவராகிய குங்குலியக்கலய நாயனாரின் குருபூசைத் திருநாள். இந்நாளில் அப்பெருமானுடைய வரலாற்றையும், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட குங்குலியம் என்னும் நறும்புகைப் பொருளின் வரலாற்றையும் ஒருங்கு வைத்துச் சிந்திக்க முற்படுகின்றோம்.

அறுபத்து மூவருள் தாம் செய்த தொண்டின் பொருளையே பெயராகப் பெற்றவர் மிகச் சிலர். கலயர் என்பது இவருடைய இயற்பெயர். கலயம் என்றாலும் கடம் என்றாலும் குடமே. இவர் வழிபட்ட கடவூர் வீரட்டானத்து இறைவனும் அமுதகடேசர் என்றே அழைக்கப்பெறுகின்றார். அங்கே இறைவன் அமுதக் குடம். இங்கே அடியவர் அன்புக் குடம். அந்தக் குடத்தின் முன்னே 'குங்குலியம்' என்ற சொல்லை உலகம் சேர்த்து வைத்தது. ஒரு மனிதர் என்ன படித்தார், எவ்வளவு ஈட்டினார் என்பதை மறந்து, அவர் நாள்தோறும் கோயிலில் எதனை இட்டார் என்பதை மட்டும் உலகம் நினைவிற் கொண்டது. தொண்டின் பெருமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

குங்குலியம் என்பது யாது?

குங்குலியம் மரத்தின் பிசின். மரப்பட்டையிற் காயம் பட்டால், அக்காயத்தை மூடுதற்கு மரம் தன் உள்ளிருந்து ஒரு நெகிழ்ந்த பாலைக் கசியவிடுகின்றது. அப்பால் காற்றுப் பட்டு இறுகிக் கட்டியாகின்றது. அக்கட்டியைத் தணலில் இட்டால் உள்ளே அடங்கிய மணநெய் ஆவியாகிப் பரவுகின்றது. எனவே நாம் திருமுன்னர் நுகரும் நறுமணம் மரம் தன் புண்ணுக்குத் தானே இட்டுக்கொண்ட மருந்தின் மணம்.

இப்பெயர் ஒரே மரத்தோடு நின்றுவிடவில்லை. வடமொழியிற் குக்குலு என வழங்குவது, இராசத்தானம், குசராத்து, சிந்து ஆகிய வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முட்செடியின் பிசின். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிற் குங்கிலியம் என்று கேட்டால் பெரும்பாலும் சால மரத்தின் பிசினைத் தருவர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் உண்டு; கருங்குங்கிலியம் தரும் மரமும் உண்டு. மட்டி மரத்தின் பாலை மட்டிப்பால் என்கின்றோம். சாம்பிராணி என்று நாம் அன்றாடம் வழங்குவதோ கடல் கடந்த சுமத்திராத் தீவின் மரத்திலிருந்து வருவது. இவை அனைத்தும் தீயில் இட்டால் மணப்பவை. ஊர் வேறு, மரம் வேறு, நிறம் வேறு. கசிவது ஒன்று, கமழ்வது ஒன்று.

இக்குழுவிலே மற்றொன்று குந்துருக்கம். பறங்கிச் சாம்பிராணி என்பதும் அதுவே. இதனைத் தரும் மரவகைகளுள் ஒன்று நம் நாட்டு வறண்ட மலைக்காடுகளிலேயே வளர்கின்றது. வடநூலார் அதனைச் சல்லகி என்பர். யானைகள் விரும்பி உண்பது என்னும் பொருள்பட வேறு பெயரும் இடுவர். இதன் நெருங்கிய உறவான மற்றொரு மரம் திருவேங்கட மலையைச் சூழ்ந்த சேசாசலக் குன்றுகளிலே இயல்பாக வளர்கின்றது. உலகப் புகழ் பெற்ற குந்துருக்கமோ அரபு நாட்டுத் தென்கரையிலும், அதற்கு எதிர்க்கரையான சோமாலியா, எத்தியோப்பியா ஆகிய நாடுகளிலும் விளைவது.

கடல் கடந்த மணம்

ஓமன் நாட்டின் தென்பகுதிக்குத் தோபார் என்று பெயர். அங்கே பருவமழை மலையின் கடற்புறத்தை நனைக்கும். மலையின் பின்புறம் வறண்டு கிடக்கும். அவ்வறண்ட கல் நிலத்திலேதான் குந்துருக்க மரம் செழிக்கின்றது. உழவர் சிறு உளி போன்ற கருவியால் பட்டையை மெல்லச் சீவுவர். வெண்பால் துளிர்க்கும். சில நாட்கள் சென்றபின் இறுகிய துளிகளைச் சுரண்டி எடுப்பர். முதலிற் சீவியபோது வருவது அத்துணைச் சிறந்ததன்று. மீண்டும் மீண்டும் சீவிய பின்னர் வருவதே தெளிந்து வெளுத்த உயர்ந்த சரக்கு. அரபு மொழியில் இதற்கு லுபான் என்று பெயர். வெண்மையையும் பாலையும் குறிக்கும் சொற்கள் பிறந்த வேரிலிருந்தே இச்சொல்லும் பிறந்தது. நாமும் மரப்பால் என்றும் மட்டிப்பால் என்றும் சொல்கின்றோம் அல்லவா? மொழிகள் வேறாயினும் கண்டவர் கண்ணுக்கு அது பாலாகவே தோன்றியிருக்கின்றது.

இப்பொருளைத் தேடி உலகம் அலைந்தது. சற்றேறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டை ஆண்ட ஆட்செப்சுத் என்னும் அரசி, நறும்பிசின் வேண்டிப் புந்து என்ற நாட்டிற்குக் கப்பல்கள் அனுப்பினாள்; வேரோடு மரங்களையே கொணர்ந்த காட்சி அவள் எழுப்பிய கோயிற் சுவரிற் செதுக்கப்பட்டுள்ளது. யூதர் தம் கோயிலில் இதனைப் புகைத்தனர். ஏசுநாதர் பிறந்தபோது கீழ்த்திசை ஞானியர் காணிக்கையாகக் கொண்டுசென்ற மூன்றனுள் இதுவும் ஒன்று என்று கிறித்தவ வேதம் கூறும். இறைவனுக்கு நறும்புகை ஊட்ட வேண்டும் என்னும் ஆவல் ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ மட்டும் உரியதன்று என்பதை இதனால் உணர்கின்றோம்.

இவ்விடத்தே தமிழர் மகிழ்தற்குரிய ஒரு செய்தியைக் கூற வேண்டும். தோபார்க் கரையில் கோர் ரோரி என்ற உப்பங்கழியின் அருகே சும்குரம் என்னும் பழந்துறைமுகம் இருந்தது. குந்துருக்கம் கப்பலேறிய துறை அது. அங்கு அகழ்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டு ஒரு பானை ஓட்டினைக் கண்டெடுத்தனர். அதிலே தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறப்பட்டிருந்தது. 'நந்தைக் கீரன்' என அறிஞர்கள் அதனைப் படித்து, கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என்று மதிப்பிட்டனர். அந்த முதல் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற கடற்பயண நூலாகிய பெரிப்புளூசு, குந்துருக்கம் விளையும் நாட்டையும் கூறுகின்றது. நம் முசிறித் துறையையும் கூறுகின்றது. தோபாரின் குந்துருக்க நிலமும் சும்குரமும் 2000-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பெற்றன. மணப்பொருள் விளைந்த கரையிலே ஒரு தமிழன் தன் பெயரைக் கீறிவிட்டு வந்திருக்கின்றான் என்று எண்ணுந்தொறும் நெஞ்சம் விம்முகின்றது.

இல்லத்தில் தாய்மார் கையாண்ட முறைகளையும் சிறிது கூறுவோம். எண்ணெய் முழுக்கிற்குப் பின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவர். அந்தியில் வீடெங்கும் புகை காட்டிக் கொசுவை ஓட்டுவர். சித்த மருத்துவர் தீப்புண்ணுக்கும் சிரங்கிற்கும் குங்கிலிய வெண்ணெய் ஆக்கித் தருவர். நீர்க்கடுப்பிற்குக் குங்கிலியப் பற்பம் தருவர். படகுப் பலகைகளின் இடுக்கை அடைப்பதற்குக் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவதும் உண்டு. மரத்தின் புண்ணை ஆற்றியது மனிதன் புண்ணையும் ஆற்றுகின்றது; படகின் இடுக்கையும் அடைக்கின்றது.

வழிபாட்டில் தூபம்

சைவ வழிபாட்டில் திருமுழுக்கும் ஒப்பனையும் ஆனபின் தூபம். தூபத்தின் பின் தீபம். அதன் பின்னரே திருவமுது. உபசாரங்களை ஐம்பூதங்களோடு இணைத்துக் கூறும் மரபிலே சந்தனம் நிலத்திற்கும், மலர் விண்ணிற்கும், தூபம் காற்றிற்கும், தீபம் தீயிற்கும், திருவமுது நீருக்கும் உரியன. கண்ணுக்குப் புலனாகாத காற்று, தூபத்தினாலே புலனாகின்றது. எங்கும் நிறைந்தும் புலப்படாத இறைவனது அருளும் அடியவர் தொண்டினாலேதான் உலகிற்குப் புலனாகின்றது.

நாவுக்கரசர் பெருமான் சூலைநோயால் வருந்தித் திருவதிகை வீரட்டானத்திற் பாடிய முதற்பதிகத்திலே, தாம் மறவாது செய்தவற்றுள் நீரையும் மலரையும் அடுத்துத் தூபத்தையும் வைத்து முறையிடுகின்றார். நீரும் பூவும் ஏழைக்கும் கிட்டும். தூபத்திற்கோ ஒரு பிடி பொருள் வேண்டும். அந்த ஒரு பிடிப் பொருளைச் சுற்றியே கலயனார் வரலாறு அமைகின்றது.

கடவூரில் நிகழ்ந்தது

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் போற்றிய கலயரைச் சேக்கிழார் பெருமான் இலைமலிந்த சருக்கத்திலே விரித்துரைக்கின்றார். கடவூரில் மறையவர் குலத்திலே தோன்றிய கலயர், வீரட்டானத்து இறைவர்க்கு நாள்தோறும் குங்குலியத் தூபம் இடும் பணியை மேற்கொண்டார். காலம் மாறியது. வறுமை வந்தது. பணி மட்டும் நிற்கவில்லை. நிலம் முதலான உடைமைகளை விற்றார். விற்பதற்கு ஒன்றுமில்லாத நிலையும் வந்தது. இரண்டு நாட்கள் வீட்டில் உலை ஏறவில்லை. பிள்ளைகள் பசியால் வாடினர், சுற்றத்தாரும் வாடினர்.

அப்போது மனைவியார் தம் கழுத்திலிருந்த மங்கலத் தாலியை எடுத்துக் கணவர் கையிற் கொடுத்து, நெல் வாங்கி வாரும் என்றார். கலயனார் அதனை ஏந்திப் புறப்பட்டார். எதிரே ஒரு வணிகன் பொதி சுமந்து வந்தான். பொதி யாது என்று கேட்டார். குங்குலியம் என்றான். கேட்ட அளவிலே அவர் முகம் மலர்ந்தது. தாலியைக் கொடுத்தார், பொதியைக் கொண்டார். விரைந்து சென்று வீரட்டானத்துப் பண்டாரத்திலே சேர்த்தார். இறைவன் திருமுன்னரே அன்பில் ஆழ்ந்து இருந்துவிட்டார். வீட்டிலே மனைவியாரும் மக்களும் பசியோடு அயர்ந்து உறங்கினர்.

தாய்மார்கள் எழுப்பும் வினா

இப்பகுதியைக் கூறும்போதெல்லாம் தாய்மார்கள் சிலர் வினவுவதுண்டு. "பிள்ளைகளின் பசிக்கென்று கொடுத்த தாலியைக் கொண்டு குங்குலியம் வாங்கலாமோ? இது பக்தியா, இரக்கமின்மையா?"

இவ்வினாவைத் தவறு என்று நாம் ஒதுக்க மாட்டோம். பசித்த குழந்தையின் முகத்தைக் கண்டவர் எவரும் கேட்கவேண்டிய வினா இது. சேக்கிழார் பெருமானும் இதனை மறைத்திலர். மறைக்க எண்ணியிருந்தால் இரண்டு நாட்பசியை அவர் கூறியிருக்க வேண்டா; நெல் வாங்கும்படி மனைவியார் சொன்னதையும் கூறியிருக்க வேண்டா; இரவில் அவர்கள் பசியோடு உறங்கியதையும் கூறியிருக்க வேண்டா. எல்லாவற்றையும் நம் கண்முன் வைத்துவிட்டுத்தான் மேலே செல்கின்றார். ஆதலின் நாமும் கண்ணை மூடிக்கொண்டு இவ்விடத்தைக் கடத்தல் ஆகாது.

முதலாவது: நாயன்மார் செயல்கள் நாம் வணங்குதற்கு உரியன; எல்லாவற்றையும் நாம் செய்துபார்த்தற்கு உரியன அல்ல. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பினார் என்பதனால் நாம் அவ்வாறு செய்தல் வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. அன்பு எல்லை கடந்தபோது என்ன நேரும் என்பதை அவை காட்டுகின்றன. குங்குலியம் என்ற சொல் செவியிற் பட்டபோது கலயனார் தம்மை மறந்தார். தம்மை மறந்தவர் தம் பசியையும் மறந்தார். தம்மவர் பசியையும் மறந்தார். வீட்டாரை வெறுத்தமையால் நேர்ந்ததன்று அது. தான் என்பதே அற்றமையால் நேர்ந்தது. அந்நிலை நமக்கு வாய்த்ததா? நம் பிள்ளைகளின் பசியை மறந்து, நம் பசியை மட்டும் மறவாதிருக்கும் ஒருவன் கலயனாரைச் சான்று காட்டுவானாயின் அவன் பொய்யன், நாயனாரைப் பழித்தவன்.

இரண்டாவது: இறைவன் இதற்கு என்ன விடை தந்தான் என்பதை நோக்குதல் வேண்டும். இதுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. குங்குலியம் பெற்ற இறைவன், கோயிலில் இருந்த கணவருக்கு முதலில் அருளவில்லை. அவனருளாற் குபேரன் வந்து பொன்னும் நெல்லும் குவித்தது கலயனார் இல்லத்திலே. இறைவன் கனவில் தோன்றியது, பசித்து உறங்கிய மனைவியாருக்கே. முதற்காட்சி தாலியைக் கொடுத்தவருக்குக் கிடைத்தது; அதனைக் கொண்டு சென்றவருக்கு அன்று. அதன் பின்னரே கோயிலில் இருந்த கலயனாரை நோக்கி, மிகவும் பசித்தாய், உன் இல்லத்திற்குச் சென்று பாலடிசில் உண்டு துயர் நீங்குக என்று இறைவன் பணிக்கின்றான்.

அன்பர்களே! திருமுன்னர் அமர்ந்த அடியவரை இறைவனே வீட்டிற்குப் போ என்று சொல்கின்றான். பசித்தாய் என்றும், உண்க என்றும் சொல்கின்றான். தூபத்தின் நறுமணத்தை ஏற்றுக்கொண்டவனுக்கு, அடுப்பு எரியாத வீட்டின் நிலையும் தெரிந்தே இருந்தது. தூபக்காலில் தணல் இருக்க வேண்டும். வீட்டு அடுப்பிலும் தணல் இருக்க வேண்டும். முன்னதை அடியவர் காத்தார். பின்னதை ஆண்டவன் காத்தான். மரத்தின் பாலை இறைவனுக்கு இட்டவர்க்கு இறைவன் பாற்சோறு தந்தான்.

மூன்றாவது: மனைவியாரின் பெருமை. அவர் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. கண் விழித்துச் செல்வம் கண்டவுடன் அவர் செய்தது யாது? நெல்லுக்குப் போனவர் குங்குலியத்தோடு கோயிலில் தங்கிவிட்டாரே என்று சினந்தாரோ? இல்லை. இது இறைவன் அருள் என்று கைகுவித்தார். கணவருக்கு அமுது ஆக்கத் தொடங்கினார். வந்தவர் இவ்வளம் எங்ஙனம் வந்தது என வினவ, நஞ்சுண்ட பெருமான் அருள் என்றார். கலயனார் இட்டது குங்குலியம். அம்மையார் இட்டது தம் கழுத்து மங்கலம். இருவரும் சேர்ந்து செய்த பணியே குங்குலியப் பணி.

கழுத்தில் ஏறிய கயிறு

பின்னர்த் திருப்பனந்தாளில் நிகழ்ந்ததையும் இத்துடன் சேர்த்துக் காண வேண்டும். தாடகை என்னும் பெண்ணடியாள் மாலை சாத்த முற்பட்டபோது ஆடை நெகிழ, அவள் நாணத்தைக் காத்தற்கு இறைவன் திருமுடி சாய்த்து மாலையை ஏற்றான் என்பது தலவரலாறு. சாய்ந்த திருமேனியை நிமிர்த்த மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தான், யானைகள் இளைத்தன, இறைவன் நிமிர்ந்திலன். அங்கு வந்த கலயனார், இவ்விளைப்பை யானும் பெறுதல் வேண்டும் என்று எண்ணிக் கயிற்றினைத் தம் கழுத்திற் பூட்டி இழுத்தார். இறைவன் நிமிர்ந்தான்.

யானைகளால் ஆகாதது ஒரு முதியவர் கழுத்தினால் ஆயிற்று என்று வியக்கின்றோம். அதனினும் நுட்பமான ஒன்று இங்கு உண்டு. முன்பு கடவூரிலே மனைவியார் கழுத்திலிருந்து ஒரு கயிறு இறங்கியது. இப்போது பனந்தாளிலே கணவர் கழுத்தில் ஒரு கயிறு ஏறியது. முன்னே மனைவியார் ஈந்ததைப் பின்னே கணவர் தம் உடலாலே ஈந்தார். பெண்ணுக்காகச் சாய்ந்த பெருமான், தாலி ஈந்த பெண்ணின் கணவர் இழுக்க நிமிர்ந்தான் என்று நாம் எண்ணி இன்புறலாம்.

நாவரசரும் ஞானசம்பந்தரும் கடவூருக்கு எழுந்தருளியபோது அவர்களை எதிர்கொண்டு அமுதூட்டும் பேறும் இவருக்கு வாய்த்தது. இரண்டு நாள் உலையேறாத அவ்வில்லத்திலே இரு பெருங்குரவரும் அமுது செய்தனர்.

நாம் செய்யத்தக்கது

இன்று குங்குலியப் பணி செய்ய விரும்புவோர் தாலியை விற்க வேண்டுவதில்லை. ஆயினும் சிலவற்றை நினைவிற் கொள்ள வேண்டும்.

உண்மையான பொருளைத் தேடி இடுக. கடைகளில் கிடைக்கும் வில்லைகளுட் பல கரித்தூளும் செயற்கை மணமும் சேர்ந்தவை. அவற்றைக் கூடை கூடையாக எரிப்பதினும் நல்ல பிசின் ஒரு சிட்டிகை போதும். அதனை நன்கு கனிந்த தணலில் இடுக. தீப்பற்றி எரியவிட்டால் மணம் கருகிக் கரும்புகையே எஞ்சும். காற்றுப் போக்கற்ற சிறு கருவறையிலும், கைக்குழந்தையும் இழைப்பு நோயாளரும் இருக்கும் அறையிலும் அளவறிந்து இடுக. அடியார் மூச்சுத் திணறுவதை ஆண்டவன் விரும்பான்.

மரத்தையும் மறவாதீர். மிகுதியாகக் கீறுவதால் நம் நாட்டுக் குக்குலுச் செடி அழிவின் விளிம்பிலே நிற்கும் உயிரினங்களின் பட்டியலிற் சேர்ந்துவிட்டது. எத்தியோப்பியா முதலிய நாடுகளிற் குந்துருக்க மரக் கன்றுகள் பல பத்தாண்டுகளாகத் தலையெடுக்கவில்லை என்றும், 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகக் குறையக்கூடும் என்றும் 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எச்சரித்தது. கன்று தலையெடுக்க ஆடுமாடுகளும் காட்டுத்தீயும் விடுவதில்லை. வளர்ந்த மரத்தையோ ஓய்வின்றிக் கீறுகின்றோம். புண்பட்டும் மணம் தருவது மரத்தின் அறம். புண்ணின்மேற் புண் செய்யாதிருப்பது நம் அறம். இயன்ற ஊர்களிலே நந்தவனத்தில் நறும்பிசின் மரம் ஒன்றை நட்டு வளர்ப்பதும் கலயனார் பணியே ஆகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கோயிலிலே தூபம் இடும் கை, வீட்டிலே பசித்தவர்க்குச் சோறிடும் கையாகவும் இருத்தல் வேண்டும். இன்று திருமுன்னர்த் தூபம் காட்டும்போது கலயனாரை நினைப்போம். அவரோடு பெயர் தெரியாத அந்த அம்மையாரையும் நினைப்போம். இவ்விழாவிற் பெற்ற திருவருள் உங்கள் இல்லந்தோறும் நெல்லாகவும் பாலாகவும் நறுமணமாகவும் நிறைக என்று கடவூர்ப் பெருமான் திருவடிகளை வணங்கி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்